சாவி யார் கையில்?



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, செபமாலை முடிந்து எல்லாரும் கலைந்து போன பின்பு, நம் தென்னூர்ப் பங்கைச் சேர்ந்த ஒரு தாயார் தம் மகனை அழைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். மகனுக்கு வயது 16. பிளஸ் ஒன் படிக்கிறவன். அந்தத் தாயார் தையல் மெஷினில் உட்கார்ந்து சிறுகச் சிறுகச் சேர்த்து, சீட்டு எடுத்து, பள்ளிக்கூடக் கட்டணத்துக்கென்று பாங்கியில் போட்டு வைத்திருந்த பணத்தில் 11,400 ரூபாய் குறைந்திருந்தது. திருடன் வெளியிலிருந்து வரவில்லை. செல்போனில் ஆடும் ஓர் ஆட்டத்தில் தன் வீரனுக்குச் சட்டையும் துப்பாக்கியும் வாங்குவதற்காக, ஐம்பதும் நூறுமாக நான்கு மாதங்களில் மகனே அதைச் செலவழித்திருந்தான். ரகசிய எண் அவனுக்கு எப்படித் தெரிந்தது? தாயாரே கொடுத்தது. கடைக்குப் பணம் அனுப்பும் வகை தமக்குத் தெரியாததால், "நீயே அனுப்பிவிடு ராசா" என்று சொல்லி வைத்திருந்தார்.

இதை நான் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்கவில்லை. வெளியே, நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். மற்றப் பிள்ளைகளுக்குப் பிரயோசனப்படட்டும் என்று தாயும் மகனும் எழுத உத்தரவு கொடுத்த பிறகே எழுதுகிறேன்.

அன்றிரவே வீடியோ கேமுக்கு எதிராக ஒரு காரமான பிரசங்கம் எழுதினேன். மறுநாள் பூசைக்குப் பின், நம் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கும் வாலிபரிடம் அதைக் காட்டினேன். அவர் கம்ப்யூட்டர் எஞ்சினியர். புதுக் கருவி எது வந்தாலும் அதைத் திறந்து பார்க்காமல் விடமாட்டார். காகிதத்தைப் படித்துவிட்டு, "சாமி, நீங்கள் ஆட்டத்தின்மேல் வழக்குப் போட்டிருக்கிறீர்கள். பூட்டுப் போட்டவனை விட்டுவிட்டீர்களே!" என்றார்.

அன்று ஒரு மணி நேரம் அவரோடு தர்க்கம் செய்தேன். அவர் சொன்ன அபிப்பிராயங்கள் மூன்று. முதலாவது, விளையாடுவது பாவமல்ல. இரண்டாவது, நாம் காசு கொடுத்து வாங்குகிறோம், ஆனால் வாங்கியது நமக்குச் சொந்தமாவதில்லை. மூன்றாவது, வாங்குகிறவனின் சுயாதீனத்தில் அரசாங்கமோ கோவிலோ தலையிடக்கூடாது. இவற்றில் முதல் இரண்டையும் ஒப்புக்கொண்டு, மூன்றாவதை மறுத்தேன். எதற்காக என்பதை உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

விளையாடுவது பாவமா?

திருச்சபை விளையாட்டுக்கு எதிரி என்று எண்ணுகிறவர்கள் திருச்சபையை அறியாதவர்கள். உடல் களைத்தால் தூக்கம் வேண்டும். அதுபோல ஆத்துமம் களைத்தால் விளையாட்டு வேண்டும் என்று அர்ச். தோமாஸ் அக்குவினார் 13-ம் நூற்றாண்டிலேயே போதித்திருக்கிறார். அளவுக்கு மிஞ்சி விளையாடுவது குறை. விளையாட்டே அறியாமல் முகம் சுளித்து, பிறர் மகிழ்ச்சியையும் கெடுப்பது அதுபோலவே ஒரு குறை என்றும் அவர் சொல்லுகிறார். அர்ச். தொன் போஸ்கோ தூரின் நகரத்துத் தெருப் பிள்ளைகளை வித்தை காட்டியும் பந்து விளையாடியும் சேர்த்துக்கொண்ட பிறகே அவர்களுக்கு ஞான உபதேசம் சொன்னார். சினிமா, ரேடியோ, டெலிவிஷன் ஆகியவற்றைப் பற்றி 12-ம் பத்திநாதர் பாப்பரசர் 1957-ல் ஒரு நிருபம் எழுதினார். அதிலும் அவர் அக்கருவிகளைப் பிசாசின் வேலை என்று தள்ளிவிடாமல், சர்வேசுரன் மனிதனுக்குத் தந்த புத்தியின் கனிகள் என்றே ஏற்றுக்கொண்டு, நல்வழியில் பயன்படுத்தச் சொன்னார்.

நம் நாட்களிலோ கம்ப்யூட்டர் தெரிந்த ஓர் அர்ச்சிஷ்டவரையே சர்வேசுரன் நமக்குத் தந்திருக்கிறார். 1991-ல் பிறந்து, 2006 அக்டோபர் 12-ந் தேதி, 15 வயதில் இரத்தப் புற்றுநோயால் மரித்த கார்லோ அக்குத்தீஸ் என்ற இத்தாலியச் சிறுவனை, 2025 செப்டம்பர் 7-ந் தேதி 14-ம் சிங்கராயர் பாப்பரசர் பீடத்துக்கு உயர்த்தினார். கார்லோ வீடியோ கேம் ஆடியவர்தான். ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தமக்குத் தாமே எல்லை வைத்துக்கொண்டார். மீதி நேரத்தில் அதே கம்ப்யூட்டரைக் கொண்டு தேவநற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து உலகத்துக்குக் காட்டினார். கருவி அவரை ஆளவில்லை. அவர் கருவியை ஆண்டார். நம் பிரசங்கத்தின் சாரம் இதுதான்.

வாங்கியது நமக்குச் சொந்தமா?

என் சிறு வயதில் வீடியோ கேம் என்றால் ஒரு பெட்டி, அதில் சொருக ஒரு கேசட். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மட்டும் இருந்தது. மாரியோ ஓடுவதைப் பார்க்கப் பதினைந்து பிள்ளைகள் வாசலில் நிற்போம். அந்த கேசட்டைக் கடன் கொடுக்கலாம், இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம், அலுத்துப்போனால் விற்கலாம். கம்பெனி மூடிப்போனாலும் கேசட் வேலை செய்யும். வாங்கியவனே எஜமான்.

இன்றைக்கு அப்படியில்லை என்று அந்த வாலிபர் சில சம்பவங்களை எடுத்துச் சொன்னார். 2014-ல் யூபிசாஃப்ட் என்ற கம்பெனி 'தி க்ரூ' என்ற கார் பந்தய ஆட்டத்தை விற்றது. 2024 மார்ச் 31-ந் தேதி தன் சர்வரை நிறுத்திவிட்டது. காசு கொடுத்து வாங்கியவன் தன் வீட்டில் தனியாக உட்கார்ந்துகூட அதன்பின் அதை ஆட முடியவில்லை. இதனால் மனம் நொந்தவர்கள், "விற்ற ஆட்டத்தைக் கொல்லாதே" என்று ஐரோப்பாவில் ஒரு மனு தொடங்கி, 2025-ல் பத்து லட்சத்துக்கும் அதிகமான கையெழுத்துச் சேர்த்தார்கள். அதற்கு வெகு முன்பே, 2009-ல், அமேசான் கம்பெனி தான் விற்ற சில புத்தகங்களை வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே அழித்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். ஆனாலும், நம் வீட்டு அலமாரியின் சாவி கடைக்காரனிடமும் ஒன்று இருக்கிறது என்பது அன்று வெளிச்சமாயிற்று. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணம், இப்படிப்பட்ட பொருளை விற்கும்போது இது சொந்தமல்ல, உபயோகிக்கும் அனுமதி மட்டுமே என்பதை விளங்கச் சொல்ல வேண்டுமென்று சட்டம் செய்ய, அது 2025 சனவரி முதல் அமலுக்கு வந்தது.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 2020 செப்டம்பர் 2-ந் தேதி மத்திய அரசு பப்ஜி ஆட்டத்தைத் தடை செய்தது. தடை சரியா தவறா என்பது வேறு கேள்வி. அந்த ஆட்டத்துக்குள் சட்டையும் துப்பாக்கியும் வாங்கிச் சேர்த்த பிள்ளைகளுக்கு அன்று கையில் மிஞ்சியது என்ன? நம் தையற்காரத் தாயார் ஒரு சட்டை தைத்தால் அது கிழியும்வரை உடுத்தியவனுடையது. அவருடைய மகன் வாங்கிய சட்டையோ அவர் உழைப்பின் விலை. அதைத் தொட முடியாது, தம்பிக்குக் கொடுக்க முடியாது, நாளைக்கு இருக்கும் என்ற உறுதியுமில்லை.

இது பிள்ளைகளின் சங்கதி என்று பெரியவர்கள் சிரிக்கவேண்டாம். நம் பங்கிலேயே இது நடந்தது. எனக்கு முன்பிருந்த குரு 2003-ல் டைப் செய்து வைத்த மரித்தோர் பட்டியல் ஒரு குறுந்தகட்டில் கிடைத்தது. திறந்து பார்த்தால் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக நிரம்பியிருந்தது. காரணம் யாதெனில், அக்காலத்தில் தமிழ் எழுத்துருக்களை விற்றவர்கள் ஒவ்வொருவரும் தங்களுக்கென்று ஒரு எழுத்து முறையை வைத்துக்கொண்டார்கள். ஒருவர் எழுத்துருவில் அடித்ததை இன்னொருவர் எழுத்துருவில் வாசிக்க முடியாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணையம் மாநாடு இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பாடுபட்டது. 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டது. ஆனால் பழைய கோப்புகள் பூட்டியபடியே கிடந்தன. இந்த வாலிபர் இரண்டு மாலை உட்கார்ந்து, எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து, முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தார். சென்ற நவம்பர் மாதம் உத்தரிக்கிற ஆத்துமங்களுக்காக வைத்த பூசையில் உங்கள் தாய் தகப்பன் பெயர்களை நான் வாசித்தேனே, அந்தப் பெயர்கள் வந்த வழி இதுதான். சாவி பிறர் கையில் இருந்தால், மரித்தவர்களின் பெயரைக்கூட நாம் வாசிக்க முடியாமல் போகும்.

வேதாகமத்தில் ஏசாவு என்பவரை அறிவீர்கள். வேட்டையாடிக் களைத்து வந்து, பசி தாங்காமல், ஒரு கிண்ணம் பயற்றங்கூழுக்காகத் தலைப்பிள்ளையின் உரிமையை யாக்கோபுக்கு விற்றுப்போட்டார். கூழ் கெட்டதல்ல. விலைதான் கெட்டது. நாமும் ஓர் ஆட்டத்தின் அவசரத்தில், வாசித்தே பாராத நிபந்தனைகளின் கீழே "சம்மதம்" என்று தொட்டுவிடுகிறோம். தொட்ட விரல் எதை விற்றது என்று மனது கேட்பதேயில்லை.

அப்படியானால் திருடலாமா?

இங்கேதான் வாலிபரோடு எனக்குத் தகராறு வந்தது. "வாங்கியது சொந்தமில்லையென்றால், கள்ளப் பிரதி எடுப்பதும் திருட்டில்லை, சாமி" என்றார். அநேக இளைஞர் இப்படிப் பேசுகிறார்கள். கேட்பதற்கு நியாயம்போல இருக்கும். ஆனால் பிறர் செய்யும் அநியாயம் ஏழாம் கற்பனையை அழித்துவிடாது. அளவில் குறைத்து நிறுக்கிற வியாபாரியின் கல்லாப் பெட்டியில் கை போட நமக்கு உரிமை கிடையாது. அவனிடம் வாங்காமல் இருக்கலாம், வழக்குப் போடலாம், ஊரைக் கூட்டிச் சொல்லலாம்; திருடக்கூடாது.

இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கையில் அவர் மெதுவாக, "நம் கோவில் அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் இருக்கும் விண்டோஸ் காசு கொடுத்து வாங்கியதா, சாமி?" என்று கேட்டார். என் வாய் அடைத்துப்போயிற்று. பழுது பார்த்த கடைக்காரர் போட்டுக் கொடுத்தது அது. எங்கிருந்து வந்ததென்று நான் கேட்டதே இல்லை. பிறர் கண்ணிலிருக்கும் துரும்பைத் தேடினவன் தன் கண்ணிலிருக்கும் உத்திரத்தைக் கண்டேன். மக்களே, உங்களுக்கு முன்பாக அதை ஒத்துக்கொள்ளுகிறேன்.

பரிகாரமும் அவரே சொன்னார். கட்டற்ற மென்பொருள் என்று ஒன்று உண்டு. 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் தொடங்கிய இயக்கம் அது. எந்தக் காரியத்துக்கும் உபயோகிக்கலாம், உள்ளே திறந்து படிக்கலாம், பிறருக்குப் பிரதி கொடுக்கலாம், நமக்கேற்பத் திருத்தலாம் என்று நான்கு சுயாதீனங்களை அது தருகிறது. 1991-ல் பின்லாந்து தேசத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் அதோடு சேர்ந்தது. நம் சென்னையிலும் சி-டாக் நிறுவனத்தார் பாஸ் லினக்ஸ் என்று ஒன்றைச் செய்தார்கள். தமிழ்நாடு அரசு 2011-ல் மாணவருக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, அவற்றில் பலவற்றில் விண்டோசோடுகூட இதுவும் இருந்தது. அதைத் திறந்து பார்த்த பிள்ளைகள்தான் குறைவு. இப்போது நம் அலுவலகக் கம்ப்யூட்டர் லினக்ஸில் ஓடுகிறது. முதல் வாரம் பிரிண்டர் அடம் பிடித்தது, உபதேசியார் முணுமுணுத்தார். இன்று நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தத் தாள் அதில் தயாரானதே. களவில்லாமல் சுயாதீனமாயிருக்க வழி உண்டு. கொஞ்சம் பிரயாசை வேண்டும், அவ்வளவே.

சுயாதீனம் என்றால் இஷ்டம்போல் நடப்பதா?

"அரசாங்கம் ஏன் தடுக்கவேண்டும்? என் காசு, என் நேரம்" என்பது அவருடைய கடைசி வாதம். பிரியமானவர்களே, வீட்டுப் பூட்டைப்பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர், மனதுக்குப் போடும் பூட்டைக் கவனிக்கவில்லையே என்றேன். நம் பையன் வாங்கியவற்றில் பாதிக்குமேல் 'பெட்டிகள்'. காசு கட்டினால் பெட்டி திறக்கும். உள்ளே என்ன இருக்குமென்று முன்னால் தெரியாது. ஒரு தரம் நல்லது விழும், ஒன்பது தரம் குப்பை விழும். அந்த ஒன்றுக்காகக் கை மறுபடி மறுபடி போகும். சூதாட்டத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பெல்ஜியம் நாட்டுச் சூதாட்ட ஆணையம் 2018-லேயே, சில ஆட்டங்களில் உள்ள இப்படிப்பட்ட பெட்டிகள் சூதாட்டமே என்று தீர்மானித்தது.

நம் மாநிலத்திலும் ஆன்லைன் ரம்மியில் பணமிழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளை வாசித்து வாசித்து நாம் கண்ணீர் விட்டோம். 2022 அக்டோபரில் சட்டமன்றம் ஒரு மசோதா நிறைவேற்றியது, ஆளுநர் திருப்பி அனுப்பியபின் 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றியது, ஏப்ரலில் சட்டமாயிற்று. 2025-ல் நடுராத்திரி 12 மணி முதல் காலை 5 மணிவரை பண ஆட்டம் கூடாதென்று விதி வந்தது; சென்னை உயர்நீதிமன்றம் அந்த ஜூனில் அதைச் சரியென்றது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றையும், திறமை என்றாலும் அதிர்ஷ்டம் என்றாலும், தடுக்கும் சட்டத்தை நிறைவேற்ற, பெரிய கம்பெனிகள் பல பண ஆட்டத்தை நிறுத்தின. நடுராத்திரிக்கு விதி ஏன் வந்தது? வீடு தூங்கும் நேரத்தில்தான் வீடு கொள்ளைபோயிற்று.

அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், எதையும் செய்யத் தமக்கு அனுமதி உண்டாயினும் எதற்கும் தாம் அடிமையாகப்போவதில்லை என்ற கருத்தைச் சொல்லுகிறார். கிறீஸ்தவனின் சுயாதீனம் இதுவே. நம் ஊர் உய்யக்கொண்டான் வாய்க்காலைப் பாருங்கள். கரை இருப்பதால்தான் அது வயலுக்குப் போய்ச் சேருகிறது. கரையை உடைத்துவிட்டுத் தண்ணீருக்கு விடுதலை கொடுத்தேன் என்றால், அது வயலுக்கும் உதவாது, ஊரையும் கெடுக்கும்.

ஆட்டம் நம்மை ஆளத் தொடங்கிவிட்டது என்பதை எப்படி அறிவது? உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனத்தையும் சேர்த்து, மூன்று அடையாளங்கள் சொல்லுகிறது. தொடங்கவும் நிறுத்தவும் தன்னிடம் கட்டுப்பாடில்லாமை; மற்ற அலுவலையும் மகிழ்ச்சியையும்விட ஆட்டமே பெரிதாதல்; கேடு வந்தும் தொடர்ந்து ஆடுதல். பெரும்பாலும் ஒரு வருட காலம் இப்படி நீடித்தால் அது நோய் என்கிறார்கள். நோய்க்கு வேண்டியது அடியல்ல, வைத்தியம். அப்படிப்பட்ட பிள்ளையை வைத்தியரிடம் அழைத்துப்போவது வெட்கமல்ல.

வீட்டில் செய்யவேண்டியது

ஆகவே பெற்றோரே, எதையும் வாங்குமுன்பும், எதிலும் "சம்மதம்" என்று தொடுமுன்பும் மூன்று கேள்வி கேளுங்கள். விற்றவன் கடையை மூடினாலும் இது என்னிடம் இருக்குமா? இதை நான் நினைத்த நேரத்தில் கீழே வைக்க முடியுமா? இதை வீட்டார் நடுவில் உட்கார்ந்து ஆட எனக்குக் கூச்சமில்லையா? மூன்றுக்கும் "ஆம்" என்றால் நன்றாக விளையாடுங்கள். ஒன்றுக்காவது "இல்லை" என்றால் நின்று யோசியுங்கள்.

பணத்தின் ரகசிய எண் தாய் தகப்பன் மனதிலேயே இருக்கட்டும். பணம் அனுப்பத் தெரியாவிட்டால் பிள்ளையிடம் கற்றுக்கொள்ளுங்கள், எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். இரவில் எல்லாச் செல்போனும் கூடத்தில் ஒரே இடத்தில் தூங்கட்டும். எல்லாம் என்றால் தகப்பனார் செல்போனும் சேர்த்தே. சீரியல் பார்க்கும் தாயும் வாட்ஸாப் பார்க்கும் தகப்பனும் பிள்ளையை மட்டும் திட்டினால், பிள்ளை வாயைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறது. வாங்குகிறவனை வஞ்சகமாய்ச் சிக்கவைக்கும் பதின்மூன்று வகைத் தந்திரங்களை மத்திய அரசு 2023 நவம்பரில் பட்டியலிட்டுத் தடுத்திருக்கிறது. ஏமாற்றப்பட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். முறையிடுவது சண்டையல்ல, நீதிக்குச் செய்யும் ஊழியம்.

கடைசியாக, அந்தப் பையனைப் பற்றி. அவன் இப்போது ஷேர் ஆட்டோவில் போகாமல் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறான். மிஞ்சும் காசைத் தாயாரின் தையல் மெஷின் டிராயரில் போடுகிறான். 11,400 சேரப் பல மாதங்கள் ஆகும். தாயார், "போதும் ராசா" என்றுகூடச் சொல்லிவிட்டார். அவன் கேட்கவில்லை. சனிக்கிழமை மாலைகளில் நம் வாலிபர் கோவில் அலுவலகத்துப் பழைய கம்ப்யூட்டரில் அவனுக்கு ஸ்கிராட்ச் கற்றுக் கொடுக்கிறார். போன வாரம் அவன் தானே செய்த ஓர் ஆட்டத்தை எனக்குக் காட்டினான். ஒரு பூனை மலைக்கோட்டைப் படியேறுகிறது, வழியில் கல் விழுகிறது, தாண்ட வேண்டும். நான் மூன்று தரமும் தோற்றுப்போனேன். "இதை உன் நண்பர்களுக்குக் கொடுப்பாயா?" என்றேன். "சும்மாவே கொடுப்பேன் சாமி, திறந்து பார்த்து மாற்றிக்கொள்ளவும் செய்யலாம்" என்றான். வாங்கி வாங்கி அடிமையான கை, ஒன்றைச் செய்து கொடுக்கும்போது விடுதலையாவதைக் கண்ணால் கண்டேன்.

வருகிற சனிக்கிழமை மாலை 4 மணிக்குப் பெற்றோர் எல்லாரும் செல்போனோடு பங்கு மண்டபத்துக்கு வாருங்கள். பணம் போகும் வழிகளைப் பூட்டுவது எப்படியென்று அந்த வாலிபர் ஒவ்வொருவருக்கும் காட்டுவார். பூட்டைப் போட்டபின் சாவியை யாரிடமும் கொடாமல் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இருதயத்தின் சாவியை மாத்திரம், அதை உண்டாக்கின சர்வேசுரனிடம் ஒப்புவியுங்கள். அவரிடம் கொடுத்தவன் ஒருவனும் அடிமையானதில்லை.

நாசரேத்தூரில் தச்சுக் கருவிகளுக்கு எஜமானாயிருந்த அர்ச். சூசையப்பர், நம் கைகளிலுள்ள கருவிகளுக்கு நாமும் எஜமானாயிருக்க நமக்காக வேண்டிக்கொள்வாராக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு